செகண்டரி மாஸ்ஃபெட் சுடுகிறதா? தமிழக-கேரள எல்லைப் பக்கத்து மூன்று மெக்கானிக்குகளின் அனுபவங்கள்

செங்கோட்டை:
ஆரியங்காவு, தென்மலைக்காரர்களும் மலையிறங்கி எங்கள் கடைக்கு வருவார்கள். இந்த முறை வந்தது கேமரா டிவிஆரின் 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர், ஃப்ளைபேக் வகை (ப்ரைமரி ஆஃப் ஆன பிறகே செகண்டரியில் கரண்ட் ஓடும்). ஏற்கெனவே வேறொரு கடையில் செகண்டரி மாஸ்ஃபெட்டை, அதாவது அவுட்புட் பக்கம் டையோடுக்குப் பதிலாக வேலை செய்யும் சுவிட்சை, மாற்றியிருக்கிறார்கள். "மாத்தினப்புறம்தான் சேட்டா சூடு கூடிப்போச்சு" என்றார் கொண்டுவந்தவர். திறந்தால், போர்டோடு ஒட்டிய, ஆன் ரெசிஸ்டன்ஸ் 12 மில்லி ஓம் உள்ள மாஸ்ஃபெட் இருந்த இடத்தில் 3 மில்லி ஓம் ஒன்று, மூன்று நீளக் காலோடு நிற்கிறது. கணக்குப்படி சூடு குறைந்திருக்க வேண்டும்.

மாஸ்ஃபெட்டில் கரண்ட் ஓடும் இரண்டு முனையான டிரெயினுக்கும் சோர்ஸுக்கும் நடுவே ஸ்கோப்பை வைத்தேன். கேட் (சுவிட்சை ஆன்-ஆஃப் செய்யும் முனை) பாதியிலேயே மூடுகிறது. மிச்ச நேரமெல்லாம் மாஸ்ஃபெட்டுக்குள்ளேயே இருக்கும் பாடி டையோடு, 0.7 வோல்ட் இழப்பில் கரண்ட்டைச் சுமக்கிறது. கேட்டை இயக்கும் எஸ்ஆர் (சிங்க்ரோனஸ் ரெக்டிஃபையர்) ஐசிக்குத் தெரிவது அந்த இரண்டு முனைக்கு நடுவிலுள்ள சில மில்லிவோல்ட்தான். அது பூஜ்ஜியத்தை நெருங்கினால் கரண்ட் தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளும். கால்களின் இண்டக்டன்ஸ் 10 நானோஹென்றி, கரண்ட் மைக்ரோசெகண்டுக்கு 3 ஆம்பியர் இறங்குகிறது என்று வையுங்கள்: 30 மில்லிவோல்ட் எதிர்ப்பக்கமாகச் சேரும். 12 மில்லி ஓம்மில் அது இரண்டரை ஆம்பியர். 3 மில்லி ஓம்மில் 10 ஆம்பியர்! அவ்வளவு கரண்ட் ஓடும்போதே கேட் மூடிவிடும். ஒசத்தி மாஸ்ஃபெட்டே வினை.

கால் இல்லாத வகையில் 10 மில்லி ஓம் பக்கம் ஒன்றைப் போட்டு, ஐசி அந்த மில்லிவோல்ட்டைப் பார்க்கும் சென்ஸ் ட்ராக்கை மாஸ்ஃபெட்டின் பேடிலிருந்தே எடுத்தேன். இப்போது கை வைக்க முடிகிறது.

களியக்காவிளை:
அண்ணே, எல்லா ஐசியும் அப்படி இல்லை. எம்பி6908, யூசிசி24612 போன்றவை கரண்ட் இறங்க இறங்க கேட் வோல்ட்டேஜைக் குறைத்து அந்த மில்லிவோல்ட்டை விழாமல் பிடிக்கும். இந்தத் தொல்லை குறைவு. எனக்கு வருவதில் பல, ஐசியே செத்த கேஸ். பாடி டையோடு வழியே அடாப்டர் வேலை செய்யும், ஆனால் கொதிக்கும். முதலில் ஐசியின் விசிசி (சப்ளை வோல்ட்டேஜ்) வருகிறதா பாருங்கள். அப்புறம், மாஸ்ஃபெட்டுக்குப் பதில் ஷாட்கி டையோடைப் போட்டு ஒப்பேற்றுவது 1 ஆம்பியருக்குச் சரி. 3 ஆம்பியர் என்றால் மூடிய டப்பாவுக்குள் ஒன்றரை வாட் சூடு.

குமுளி:
எஸ்டேட் பக்கம் லைன் 160 வோல்ட்டுக்கும் இறங்கும். அப்போது ஃபுல் லோடில் சில ஃப்ளைபேக் சிசிஎம்முக்கு (கன்டினியுவஸ் கண்டக்ஷன் மோடு) போய்விடும். அதாவது, செகண்டரி கரண்ட் தீருமுன்பே ப்ரைமரி ஆன். அந்த நேரத்தில் எஸ்ஆர் மூடத் தாமதித்தால் இரண்டு பக்கமும் ஷார்ட் போலத்தான், மாஸ்ஃபெட் டப்பென்று போகும். வேரியாக்கில் (வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர்) லைனை இறக்கி, லோடு போட்டுப் பார்க்காமல் நான் எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை.