எழுதுகிறவரின் நாளில் இசைக்கு எந்த இடம்?

கொக்குவில் வாசகி:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து சிறுகதைகள் எழுதி வருகிறேன். சிறு வயதில் வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகளுக்காக வாய்ப்பாட்டுப் படித்தேன். மேடையேறிப் பாடும் எண்ணம் எனக்கு ஒருபோதும் இருந்ததில்லை. ஆனாலும் பாட்டில்லாத ஒரு நாளை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. விடியும்போது கோயில் ஒலிபெருக்கி, சமைக்கும்போது வானொலி, இரவில் எழுத உட்காரும்போது காதில் ஏதாவது ஒரு கச்சேரிப் பதிவு என்று நாள் முழுவதும் இசையோடுதான் போகிறது.

அண்மைக்காலமாக ஒன்றைக் கவனிக்கிறேன். பாட்டுக் கேட்டுக்கொண்டு எழுதிய பக்கங்களை மறுநாள் வாசித்தால் அவற்றில் என் குரல் கேட்பதில்லை. துக்கமான ராகமொன்று ஒலித்துக்கொண்டிருந்தால், நான் எழுதும் சாதாரண உரையாடல்கூட எனக்குக் கண்ணீரை வரவழைக்கிறது. பதிவை நிறுத்திவிட்டு வாசித்தால் அந்தத் துக்கம் பக்கத்தில் இல்லை. அதற்காக இசையை மேசையிலிருந்து விலக்கவும் மனம் ஒப்பவில்லை. எழுதுகிற மற்றவர்கள் உங்கள் நாளில் இசைக்கு எந்த இடத்தைக் கொடுக்கிறீர்கள்? எழுத்துக்கு அது உண்மையில் எதைத் தருகிறது?

நல்லூர் வடக்கு:

தங்கச்சிக்கு வணக்கம். வசனம் செய்யவேண்டிய வேலையை, ஒலித்துக்கொண்டிருக்கும் ராகம் தான் எடுத்துச் செய்துவிடுகிறது. எழுதுகிறவருக்குப் பக்கம் நிறைந்துவிட்டதாகத் தெரிகிறது. வாசகருக்கோ ராகம் போய்ச் சேருவதில்லை, சொற்கள் மட்டுமே போய்ச் சேருகின்றன. ஆகையால் எழுதும் வேளையில் இசை வேண்டாம் என்பதே என் முடிவு. நான் விடியற்காலையில் எழுதுகிறேன். பொழுதுபட்ட பின் விறாந்தையில் இருந்து கேட்கிறேன். கேட்கும்போது வேறெதுவும் செய்வதில்லை.

எழுத்துக்கு இசை எதைத் தருகிறது என்ற கேள்விதான் பெரியது. என் செவி பழகியது கச்சேரிகளில் அன்று, கோயிலில் நடக்கும் கந்தபுராண படனத்தில். ஒருவர் பாடலைப் படிப்பார், மற்றவர் பயன் சொல்வார். படிப்பவர் பாடலை ஒரே மூச்சில் பாடி முடித்துவிடுவதில்லை. பொருள் முடியும் இடம் பார்த்து நிறுத்துவார், பயன் சொல்பவர் அந்தத் துண்டை எடுத்து விரிப்பார், அவர் விட்ட இடத்திலிருந்து படிப்பவர் சுருதி தவறாமல் தொடருவார். சூரபன்மன் மாமரமாகி நின்று, வேலால் பிளவுண்டு, சேவலும் மயிலுமாகும் இடத்தில் ராகம் மாறும்; பயன் சொல்பவரின் வசனமும் அதற்கேற்ப நீண்டு, எச்சங்களில் தங்கித் தங்கிச் சென்று, கேட்பவர்கள் காத்திருந்த வினைமுற்றில் வந்து இறங்கும். நீண்ட தமிழ் வசனம் மூச்சு முட்டாமல் எப்படி நடக்கலாம் என்பதை நான் எந்த இலக்கண நூலிலும் படிக்கவில்லை, அங்கே கேட்டுத்தான் அறிந்தேன். இன்றும் எழுதியதை உரக்க வாசித்து, மூச்சு தடைப்படும் இடத்தில் திருத்துகிறேன்.

சொல்லே இல்லாத இசையையும் விட்டுவிடாதீர்கள். சுவாமி புறப்பாட்டின்போது கம்பீரநாட்டை ராகத்தில் நாதஸ்வரத்தில் வாசிக்கப்படும் மல்லாரிக்குச் சாகித்தியம் கிடையாது. ஆனாலும் அது கேட்டதும் வெளிவீதியில் நிற்பவர்கள் அத்தனை பேரின் கையும் தலைக்கு மேல் போகிறது. தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933–1975), நாதஸ்வர வித்துவான் என்.கே. பத்மநாதன் போன்றவர்களால் வளர்ந்த செவி எங்களுடையது. தட்சிணாமூர்த்தியின் பதிவு கிடைத்தால், அடிகளுக்கு நடுவே அவர் விடும் இடைவெளிகளைக் கவனமாகக் கேளுங்கள். உரையாடல் எழுதுகிறவருக்கு அவற்றில் நிறையப் பாடம் உண்டு.

தைனமோ:

நானும் ஐயாவின் பக்கம்தான், ஆனால் என் காரணம் வேறு. போரினால் 1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்ற பிறகு வளர்ந்தவன் நான். பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாகிவிட்டது. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, தைனமோவிலிருந்து இரண்டு வயர்களை எடுத்து வானொலிக்கோ கசற் றெக்கோடருக்கோ கொடுத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்போம். கை ஓய்ந்தால் பாடகரின் குரல் இழுபட்டுக் கீழே போகும். உடனே இன்னொருவர் பெடலை வாங்கிக்கொள்வார். ஒருவருடைய கை பாட்டுக்காக உழைத்துக்கொண்டிருக்கையில், அதைப் பின்னணியில் ஓடவிட்டு வேறு வேலை பார்க்க எவருக்கும் மனம் வராது. பாட்டு முடிந்ததும் ஊரே அமைதியாக இருக்கும். நான் ஜாம் போத்தல் விளக்கை வைத்துக் கொப்பியில் எழுதப் பழகியது அந்த அமைதியில்தான். இன்று கைப்பேசியில் எவ்வளவோ பாடல்கள் இருந்தும், எழுதுவதற்கு முன் ஒன்றை முழுதாகக் கேட்டு நிறுத்திவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

சுன்னாகம் தையல்காரி:

நான் எழுதுவதில்லை, வாசிப்பவள். இசைக்கென்று தனியாக நேரம் ஒதுக்கி இருக்கும் வசதி எல்லோருக்கும் இல்லை என்பதை இங்கே யாராவது சொல்லவேண்டும். எங்கள் பாட்டுகள் வேலையோடு பிறந்தவை. கிணற்றில் நீர் இறைக்கத் துலா மிதித்தவர்கள் பாடினார்கள், வயலில் நெல் அறுத்து அருவி வெட்டியவர்கள் பாடினார்கள், பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டியவள் பாடினாள். செத்தவீட்டில்கூட, உரலில் சுண்ணப்பொடி இடிக்கும்போது திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் பாடித்தான் அனுப்பி வைக்கிறோம். என் அம்மம்மாவின் செத்தவீட்டில், படித்துக்கொண்டிருந்தவரின் குரல் உடைந்து நின்றபோது, உலக்கை பிடித்திருந்த பெண்கள் அடுத்த அடியைத் தாங்களே எடுத்தார்கள். உலக்கை விழும் இடத்துக்கு அடி வந்து பொருந்தியது. சுற்றி நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். கேட்பவர் என்று அங்கே தனியாக எவரும் இருக்கவில்லை.

அக்கா, உங்கள் பதிவில் நாள் முழுவதும் நீங்கள் கேட்கிறீர்கள், ஓரிடத்திலும் பாடவில்லை. வாய்ப்பாட்டுப் படித்தவர் நீங்கள். சமைக்கும்போது வானொலியை நிறுத்திவிட்டு நீங்களே பாடுங்கள். பக்கத்தில் உங்கள் குரல் கேட்கவில்லை என்கிறீர்களே, வீட்டில் அது கேட்கிறதா?

கொக்குவில் வாசகி:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தங்கச்சியின் கேள்விக்கு உண்மையான பதில் ‘இல்லை’ என்பதுதான். பரீட்சைகள் முடிந்த பிறகு நான் வாய்விட்டுப் பாடியதே இல்லை, சமையலறையிலிருந்து தொடங்குகிறேன். இரவில் எழுதும்போது காதில் எதையும் மாட்டுவதில்லை என்றும் முடிவு செய்துவிட்டேன். ஐயா, படனம் கேட்க விரும்புகிறேன்; எந்தக் காலத்தில் போனால் நல்லது?

நல்லூர் வடக்கு:

கந்தசஷ்டிக் காலத்தில் கந்தபுராணம் கேட்கலாம். மார்கழியில் திருவெம்பாவை நாட்கள் பத்திலும் பல கோயில்களில் மாணிக்கவாசகரின் வரலாறான திருவாதவூரடிகள் புராணம் படிப்பார்கள். அது அளவில் சிறியது, புதிதாகக் கேட்பவருக்கு ஏற்றது. ஒலிபெருக்கியை விட்டு விலகி, படிப்பவருக்கு அருகில் இடம் பிடியுங்கள். புத்தகமும் பென்சிலும் கொண்டுபோய், அவர் பாடலைப் பிரித்து நிறுத்தும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அச்சில் அடி முடியும் இடமும் அவர் நிறுத்தும் இடமும் பல பாடல்களில் ஒன்றாக இராது.