ஜாக் விச்சரைத் தெரிந்துகொண்ட பிறகு

லண்டனின் முதல் போலீஸ் துப்பறிவாளர்களை வைத்து எழுதிய ஒரு சரித்திர நாவலைப் படித்து முடித்ததும், நிஜத்தில் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்று தேடினேன். அப்படித்தான் ஜாக் விச்சர் எனக்கு அறிமுகமானார். 1842-ல் லண்டன் போலீஸ் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டில் துப்பறியும் பிரிவு தொடங்கியபோது மொத்தமே எட்டுப் பேர். அவர்களில் இவரும் ஒருவர், தோட்டக்காரரின் மகன்.

1860 ஜூன் கடைசியில் ரோடு என்ற கிராமத்துப் பெரிய வீடு ஒன்றில் மூன்று வயதுக் குழந்தை கொலை செய்யப்பட்டான். விச்சர் அங்கே போய்ச் சேரவே இரண்டு வாரம் ஆகிவிட்டது. கைரேகைப் பிரிவு கிடையாது. ஒரு துணியில் இருப்பது மனித ரத்தமா, ஆட்டு ரத்தமா என்று சொல்லும் சோதனையும் கிடையாது. அவர் சலவைக் கணக்கைப் பார்த்தார். வீட்டுக்காரரின் மூத்த தாரத்து மகள் கான்ஸ்டன்ஸ், 16 வயது. அவளுக்கு மூன்று இரவு அங்கி இருக்க வேண்டும், இரண்டுதான் இருந்தது.

போலீஸில் இருந்து ஓய்வு பெற்ற என் மாமாவிடம் இதைச் சொன்னேன். "துப்பு கிடைச்சுடும்மா. பெரிய மனுஷன் வீட்டுக்குள்ள போய்க் கேள்வி கேட்கிறதுதான் கஷ்டம்" என்றார். அங்கேயும் அதுதான் நடந்தது. ரத்தக் கறை படிந்த ஓர் உள்ளாடை கிடைத்ததையே உள்ளூர் போலீஸ் விச்சரிடம் மறைத்துவிட்டது. விச்சர் கான்ஸ்டன்ஸைக் கைது செய்தார், நீதிபதிகள் விட்டுவிட்டார்கள். கனவான் வீட்டுப் பெண்ணின் உடையைப் பற்றி இவர் எப்படிப் பேசலாம் என்று பத்திரிகைகள் கிழித்தன. 1864-ல் வேலையை விட்டார். அடுத்த வருஷமே கான்ஸ்டன்ஸ் தானாக வந்து குற்றத்தை ஒப்புக்கொண்டாள்!

அதற்கப்புறம் இந்த வகை நாவல்களில் நான் தேடுவது மாறிவிட்டது. கொலைகாரர் யார் என்பது இரண்டாம்பட்சம். துப்பறிபவர் முன்வாசல் வழியாகப் போகிறாரா, வேலைக்காரர்கள் யாருக்குப் பயந்து பேச மறுக்கிறார்கள், மேலதிகாரி எப்போது கைவிடுகிறார், இதெல்லாம் சரியாக வந்தால் போதும், தூக்கம் போய்விடுகிறது. 1860-ல் நடக்கும் கதையில் துப்பறிவாளர் எல்லா வீட்டுக்குள்ளும் தடையில்லாமல் நடமாடினால் எனக்கு ஒட்டுவதில்லை.

அந்தக் காலத்துத் துப்பறிவாளர் ஒருவர் உண்மையைக் கண்டுபிடித்தும் தோற்றுப்போகும் நாவல் யாராவது படித்திருந்தால் சொல்லுங்கள்.