இரண்டு நாள் பயிற்சிக்கு எந்த மாடல்: ஆடீயா, சாமா?

கேட்டவர்
கிடங்கு ஊழியர்கள் 30 பேருக்குப் புது மென்பொருளில் இரண்டு நாள் பயிற்சி கொடுக்க வேண்டும், மூன்று வாரம்தான் இருக்கிறது. போன முறை 120 ஸ்லைடு போட்டு எல்லா மெனுவையும் வரிசையாகக் காட்டினேன், எல்லோரும் தலையாட்டினார்கள், அடுத்த வாரமே திரும்பி வந்த சரக்கைப் பதிவதில் அதே பழைய குழப்பம். பயிற்சியைத் திட்டமிடும் மாடல்களான ஆடீ (ADDIE), சாம் (SAM), கல்வி உளவியலாளர் கான்யேயின் 9 படிகள் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைப் பிடித்துக்கொள்வது?

பதில் 1
'மென்பொருளைப் புரிந்துகொள்வார்கள்' என்று குறிக்கோள் எழுதாதீர்கள், புரிந்ததா என்று யார் பார்ப்பது? 'சேதமான சரக்கு வந்தால் யாரையும் கேட்காமல் சரியான குறியீட்டோடு பதிவார்' என்று எழுதுங்கள். அந்தச் செய்முறைத் தேர்வை முதலில் தயார் செய்துவிட்டு, அதற்கு என்ன தேவையோ அதை மட்டும் பின்னோக்கி அடுக்குங்கள். விக்கின்ஸ், மெக்டை என்ற கல்வியாளர்கள் பள்ளிப் பாடத்துக்குச் சொன்ன வழி, இங்கேயும் பொருந்தும். பாதி ஸ்லைடு தானாக உதிர்ந்துவிடும்.

பதில் 2
ஆடீயைத் திட்டுவது இப்போது ஃபேஷன். 1975-ல் ஃப்ளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்த வேலையிலிருந்து வளர்ந்தது அது. அதன் ஐந்து கட்டங்களான ஆய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், செயலாக்கம், மதிப்பீடு என்பவற்றில் ஒன்றை முழுசாக முடித்துத்தான் அடுத்ததைத் தொட வேண்டும் என்பதில்லை. மைக்கேல் ஆலனின் சாம் சொல்வதுபோல முதல் வாரமே ஒரு சின்ன மாதிரி செய்து, இரண்டு ஊழியர்களை உட்காரவைத்து, வாயைத் திறக்காமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். மவுஸ் எங்கே தயங்கி நிற்கிறதோ அங்கேதான் உங்கள் பாடம்.

ஆய்வை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் ஒரு தடவை விட்டேன். தேதியைத் தப்பாகப் போடுகிறார்கள் என்று அரை நாள் வகுப்பெடுத்தேன், அப்புறம் போய்ப் பார்த்தால் திரையில் 'வந்த தேதி', 'பதிவுத் தேதி' என்று இரண்டு கட்டம் ஒட்டிக்கொண்டு, இரண்டிலும் 'தேதி' என்ற சொல் மட்டும்தான் தெரிந்தது! கட்டங்களைப் பிரித்து வைத்தோம், தவறு நின்றது.

பதில் 3
கான்யேயின் படிகள் ஒரு வகுப்பை எப்படி நடத்துவது என்பதற்கு, மொத்தத் திட்டத்துக்கு அல்ல. ஆடீக்குள்ளேயே அதை வைத்துக்கொள்ளலாம், சண்டை இல்லை. மதிப்பீட்டுக்கு கிர்க்பாட்ரிக்கின் நான்கு நிலைகளைப் பாருங்கள். 'பயிற்சி பிடித்ததா' என்ற படிவம் முதல் நிலையோடு சரி, வேலையில் மாறியதா என்பது மூன்றாவது. ஒரு மாதம் கழித்துப் பதிவுகளை எடுத்துப் பார்த்தால்தான் அது தெரியும்.

கேட்டவர்
இன்று மேற்பார்வையாளரிடம் ஒரு வாரப் பதிவுகளை வாங்கிப் பார்த்தேன். தவறுகளில் முக்கால்வாசி ஒரே இடத்தில்: சரக்கில் ஒரு பகுதி மட்டும் திரும்பி வந்தாலும் முழு பில்லையும் ரத்து செய்துவிடுகிறார்கள். இதற்கு அரை நாள் போதும். சரி, இரண்டு நாள் கேட்ட மேலாளரிடம் இதை எப்படிச் சொல்வது?