முல்லைக்கொடியில் கொண்டைக்குருவிக் கூடு, வீட்டில் கடுவன் பூனை: கூட்டை இடம் மாற்றலாமா?

காவிரிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். திருச்சிப் பக்கம் தனி வீடு. வாசல் தூணில் ஏற்றிவிட்ட முல்லைக்கொடியில் கொண்டைக்குருவி கூடு கட்டியிருக்கிறது, தரையிலிருந்து 7 அடி இருக்கும். உள்ளே 3 முட்டை, இளஞ்சிவப்பில் செம்பழுப்புப் புள்ளிகளோடு. பிரச்சினை எங்கள் பூனைதான். செவலைக் கடுவன், 2 வயது. நெத்திலி பிசைந்த சோறு, ராத்திரி பாக்கெட் தீனி என்று வயிறு நிறையத்தான் சாப்பிடுகிறது, ஆனாலும் இப்போது பொழுதுக்கும் திண்ணையில் உட்கார்ந்து கொடியையே வெறித்துக்கொண்டு, வால் நுனியை மட்டும் ஆட்டிக்கொண்டு, தாடையைக் கடகடவென்று அடித்துக்கொள்கிறது. கூட்டை அப்படியே எடுத்துக் கொல்லையில் கொய்யா மரத்தில் வைத்துவிடலாம் என்கிறார் மாமியார். பூனைக்கு மணி கட்டினால் போதும் என்கிறார் வீட்டுக்காரர். கை பட்டாலே தாய்க்குருவி திரும்பி வராது என்று பக்கத்து வீட்டு அக்கா பயமுறுத்துகிறார். எதைக் கேட்பது? பூனையும் எனக்குப் பிள்ளை மாதிரிதான், அதைத் துரத்தச் சொல்லாதீர்கள்.

நொய்யல்:
அக்கா, கூட்டைத் தொடவே வேண்டாம். முட்டை இருக்கும்போது இடம் மாற்றினால் பெரும்பாலும் கைவிட்டுப் போய்விடும், கொய்யா மரத்தில் வைத்தாலும் அங்கே தேடிப் போகாது. கை வாசனை பட்டால் வராது என்பது உண்மையில்லை, ஆனால் அடிக்கடி ஸ்டூல் போட்டு எட்டிப் பார்ப்பதும் ஆபத்துதான், நாம் எங்கே பார்க்கிறோம் என்பதைக் காக்காய் கவனித்துக்கொண்டே இருக்கும். முட்டை பொரிய ஏறக்குறைய 2 வாரம், குஞ்சு வெளியேற இன்னொரு 2 வாரம். ஆக மொத்தம் ஒரு மாதக் கதைதான்.

இதில் உண்மையான கண்டம் கூட்டில் இல்லை, கூட்டை விட்டு இறங்கிய பிறகுதான். கொண்டைக்குருவிக் குஞ்சு நன்றாகப் பறக்கக் கற்றுக்கொண்டு வெளியே வருவதில்லை. வால் கட்டையாக, தத்தித் தத்தி, தரையிலும் செடிக்கு அடியிலும் உட்கார்ந்துகொண்டு கத்தும், தாயும் தகப்பனும் பூச்சி கொண்டுவந்து ஊட்டும். அந்தச் சில நாள் பூனை வெளியே வந்தால் ஒன்றுகூட மிஞ்சாது. அப்போது பூனை முழுநாளும் வீட்டுக்குள் இருந்தே ஆக வேண்டும், அதற்கு முன்னால் விடியற்காலையும் அந்தி நேரமும் உள்ளே வைத்தாலே பாதிக் கவலை தீர்ந்தது, பூனை மும்முரமாக வேட்டையாடுவது அந்த நேரங்களில்தான்.

தென்னையில் எலி ஏறாமல் தகரம் சுற்றுகிறோம் இல்லையா, அதையே தூணுக்கும் செய்யலாம். 2 அடி அகலத் தகரம், கொடியையும் சேர்த்துச் சுற்றி, கொஞ்சம் தளர்வாகக் கட்டுங்கள், மேல் விளிம்பு 5 அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். ஆனால் இப்போதே தட்டுமுட்டு என்று சத்தம் போட்டுச் செய்யாதீர்கள், குஞ்சு பொரிந்த பிறகு செய்தால் அவ்வளவு சீக்கிரம் விட்டுப் போகாது. தூணுக்குப் பக்கத்தில் பைக்கை நிறுத்தினால் மட்டும் எல்லாம் வீண், சீட்டில் ஏறி அங்கிருந்து ஒரே தாவு.

மூன்று_பூனை_வீடு:
மணியை நம்ப வேண்டாம். பெரிய பறவை சத்தம் கேட்டுப் பறந்துவிடும், பறக்கத் தெரியாத குஞ்சு எங்கே போகும்? பசியும் வேட்டையும் பூனைக்கு வேறு வேறு, வயிறு நிறைந்திருந்தாலும் அசைவதைப் பார்த்தால் பாயும். இருந்தாலும் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் பலன் உண்டு. இங்கிலாந்தில் எக்ஸெட்டர் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இறைச்சிப் புரதம் அதிகமுள்ள தீனி தின்ற பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36% குறைந்தது, தினமும் 5 முதல் 10 நிமிடம் விளையாட்டுக் காட்டியதில் 25% குறைந்தது. அதனால் சோற்றைக் குறைத்து மீன், வேகவைத்த கோழி என்று கூட்டுங்கள். குச்சியில் கயிறு கட்டி, துணித்துண்டு ஒன்றை முடிந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அது மூச்சு வாங்கும் வரை ஓட விடுங்கள், அப்புறம் தின்றுவிட்டுத் தூங்கிவிடும். குளியலறை ஓரம் ஒரு தட்டில் மணல் வையுங்கள். முதல் சில நாள் கத்தும்தான், இரக்கப்பட்டு ஒரு தடவை கதவைத் திறந்துவிட்டால் மறுநாள் இரண்டு மடங்கு கத்தும். கருத்தடை செய்துவிட்டீர்களா? இல்லையென்றால் கடுவனை வீட்டில் அடக்குவது பெரும்பாடு.

வைகறை72:
ஏன் இவ்வளவு கட்டுப்பாடு? காக்காய், செண்பகம், சாரைப்பாம்பு, அணில் எல்லாம் முட்டையும் குஞ்சும் தின்னத்தான் செய்கின்றன. பூனையும் ஒரு ஜீவன்தானே, இயற்கையை அதன் போக்கில் விடுவதுதான் சரி என்று படுகிறது.

நொய்யல்:
சார், செண்பகத்துக்கு நாம் சோறு போடுவதில்லை. அதன் எண்ணிக்கையை இரையும் இடமும் தீர்மானிக்கின்றன. பூனைக்கு அந்தக் கணக்கு கிடையாது, நாம் ஊட்டி வளர்ப்பதால் ஒரு தெருவில் 10 பூனைகூட இருக்கும். அமெரிக்காவில் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடிப் பறவைகளைப் பூனைகள் கொல்கின்றன என்று 2013இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது, அதில் பெரும்பங்கு வீடில்லாத பூனைகளுடையது. அதனால் அக்கா வீட்டுக் கடுவனைக் குற்றவாளி ஆக்கவில்லை. இந்த ஒரு வீட்டில் தடுக்க முடியும் என்றால் தடுக்கலாமே என்கிறேன், அவ்வளவுதான்.

காக்காய் என்றதும் இன்னொன்று. வாசல் மதிலில் காக்காய்க்குச் சோறு வைக்கும் வழக்கம் இருந்தால் இந்த ஒரு மாதம் கொல்லைப்பக்கம் வையுங்கள்.

கால்நடை_பணி:
ஒருவேளை பூனை கவ்விவிட்டால் என்ன செய்வது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். காயம் தெரியவில்லை, பிழைத்துவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். பூனையின் எச்சிலில் பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா இருக்கிறது, ஊசி முனை அளவு பல் பட்டிருந்தாலும் ஓரிரு நாளில் பறவை இறந்துவிடக்கூடும். அன்றைக்கே ஆன்டிபயாடிக் தேவை. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் பருத்தித்துணி விரித்து, இருட்டாக வைத்து, அரசு கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள், சென்னைக்காரர்கள் கிண்டியில் புளூ கிராசுக்குப் போகலாம். வாயைத் திறந்து பாலோ தண்ணீரோ ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கி அதிலேயே செத்துவிடும். குணமானதும் நீங்களே வளர்க்க நினைக்காதீர்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

காவிரிக்கரை:
ரொம்ப நன்றி. மாமியாரிடம் படித்துக் காட்டினேன், கொய்யா மரத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டார். காக்காய்ச் சோறு இன்றிலிருந்து கொல்லையில்தான். கருத்தடை போன வருஷமே முடிந்தது. பூனை இப்போது ஹாலில் இருக்கிறது, ஆனால் ஜன்னலில் ஏறிக் கொடியைப் பார்க்கிறது, குருவி அதைப் பார்த்துவிட்டு அடைகாக்க இறங்காமல் சுவரிலிருந்தே கத்துகிறது. இதனால் முட்டைக்கு ஏதாவது ஆகுமா?

நொய்யல்:
கொஞ்ச நேரம் என்றால் பரவாயில்லை அக்கா, நாள் முழுக்க இப்படியே போனால் முட்டை கெட்டுவிடும். ஜன்னலின் கீழ்ப்பாதிக் கண்ணாடியில் உள்பக்கமாகச் செய்தித்தாளை ஒட்டிவிடுங்கள், இன்று சாயங்காலத்துக்குள்.