கையால் தொடாமல் ரப்பர் வாங்கும் அண்ணன்

கன்னியாகுமரி மாவட்டத்து அருமனைப் பக்கம் ரப்பர் ஷீட் விற்கப் போய்ப் பழக்கமானவர் இந்த அண்ணன். நல்லமிளகு பறிக்க மரத்தில் ஏறி, விழுந்து, கழுத்தில் தண்டுவடம் அடிபட்டவர். தோளை அசைப்பார், முழங்கையைக் கொஞ்சம் மடக்குவார். விரல்கள் வேலை செய்யாது, கழுத்துக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை.

ஷீட் வாங்குவதில் பாதி வேலை கண்ணுக்குத்தான். மைனி, அதாவது அவர் மனைவி, ஒவ்வொரு ஷீட்டாக வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார், அண்ணன் சக்கர நாற்காலியில் இருந்தபடி பார்ப்பார். குமிழ் இருக்கிறதா, பூசணம் பிடித்திருக்கிறதா, உள்ளே வெள்ளை நிற்கிறதா என்று நொடியில் சொல்லிவிடுவார். என் ஷீட்டைப் பார்த்ததும், "இதுல வெள்ளை நிக்குது மக்கா, ஈரம் போகல. ஆர்எஸ்எஸ் நாலு விலை தரமாட்டேன்" என்றார். ஆர்எஸ்எஸ் நாலு என்பது ரப்பர் ஷீட்டின் ஒரு தரம். எனக்கு எரிச்சல்தான். ஆனால் கோட்டயத்தில் ரப்பர் வாரியம் அன்று அறிவித்த விலை அவர் போனில் இருந்தது, பேரம் பேச இடமில்லை. போனை இயக்குவது பெரும்பாலும் குரலால். கணக்கையும் தமிழில் சொல்லிச் சொல்லியே ஏற்றுகிறார்.

"பாவம், மன உறுதி" என்று பேசுகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. மன உறுதியைவிட நேரக் கணக்குதான் முக்கியம் என்பார். இரவில் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் படுக்கைப்புண் வந்துவிடும். வலி தெரியாது என்பதால் புண் ஆழமாகும் வரை ஆளுக்கே தெரியாது. பகலில் நாற்காலியைப் பின்னால் சாய்த்து, உட்காரும் இடத்தின் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். சிறுநீர் ட்யூபில் அடைப்பு வந்தால் ரத்த அழுத்தம் திடீரென்று ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்காது, அதனால் மே மாத மதியத்தில் ஈரத்துண்டும் ஃபேனும்தான் கதி. இவ்வளவையும் காலையில் முடித்துவிட்டுத்தான் பத்து மணிக்கு வியாபாரம். அந்தப் பத்து மணியைப் பிடிக்க ஒரு குடும்பமே ஓடுகிறது. மைனியின் உழைப்பைச் சொல்லாமல் அண்ணனை மட்டும் புகழ்ந்தால் அது நியாயமில்லை.

கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு அரசு தரும் மாதம் 2,000 ரூபாய் அவருக்கும் வருகிறது. ட்யூபுக்கும் பஞ்சுக்குமே அது பத்தாது.

தென்காசி பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் அமர் சேவா சங்கத்தை 1981-இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணனும் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்தான். 2020-இல் பத்மஸ்ரீ வாங்கினார். அவர் பேச்சு வந்தாலே அண்ணனுக்கு உற்சாகம் வந்துவிடும். "அவர் அவ்ளோ பெரிய ஸ்தாபனத்தையே நடத்தினாரு. நான் கேக்கது ஒரு கடை!"

கடைதான் சிக்கல். மார்த்தாண்டம் ரோட்டோரம் பார்த்த இடமெல்லாம் படி. சரிவு போடலாம் என்றால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், அவ்வளவு முற்றம் யாரிடம் இருக்கிறது? படி இல்லாத ஒன்று கிடைத்தது, அங்கே கழிப்பறைக் கதவுக்குள் நாற்காலி நுழையவில்லை. பொதுக் கட்டடங்களில் சரிவுப் பாதை வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் காட்டிப் பேசலாம், வாடகைக்கு விடுகிற தனி ஆளிடம் என்ன பேச?

குழித்துறை, மார்த்தாண்டம், மேல்புறம் பக்கம் தரையோடு தரையாக ஒரு கடை, மூன்றடிக் கதவோடு இருந்தால் இங்கே சொல்லுங்கள். அட்வான்ஸ் ரெடியாக வைத்திருக்கிறார்.