அபலோன் தகடு பதித்த முதல் ராடு: உங்களுக்கு எங்கே சொதப்பியது?

சில வருடங்களாகத் தூண்டில் ராடு கட்டுகிறேன். தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களை ராடோடு கட்டும் நூல் சுற்றுவது கைக்கு வந்துவிட்டது, அதன்மேல் பூசும் எபாக்சிப் பிசினும் ஓரளவு சொன்ன பேச்சைக் கேட்கிறது. அந்தத் தைரியத்தில்தான் அபலோன் தகட்டில், அதாவது அபலோன் என்ற கடல் நத்தையின் மின்னும் சிப்பியைச் சீவிச் செய்த தாளில், கை வைத்தேன். கைப்பிடிக்குச் சற்று மேலே, 60 மி.மீ. நீளத்துக்கு, பிளாங்கை (ராடின் வெறும் தண்டை) முழுதாகச் சுற்றி ஒரே பட்டையாக ஒட்டுவது என்று திட்டம். கேட்கச் சின்ன வேலை. மூன்று தகடு வீணாயிற்று.

முதல் தகடு என் கணக்கால் வீணானது. பிளாங்கின் சுற்றளவை அளந்து ஒரு செவ்வகம் வெட்டினேன். கீழ்முனையில் இரண்டு ஓரமும் அழகாக முட்டின. மேலே போகப்போக ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டது. பிளாங்க் குழாய் இல்லையே, கூம்பு. என்னுடையது அந்த இடத்தில் கீழே 12 மி.மீ., மேலே 11 மி.மீ. விட்டம். சுற்றளவு கீழே 37.7, மேலே 34.6. மூன்று மி.மீ. வித்தியாசம், அதுவும் ஒரு விரல் நீளத்துக்குள். நூலுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, அது தானாகச் சரிந்து உட்கார்ந்துகொள்ளும். சிப்பி உட்காராது.

சரி, ஒரு பக்கத்தை மட்டும் சாய்வாக வெட்டினால் தீர்ந்தது என்று இரண்டாவது தகட்டை எடுத்தேன். இணைப்பு நன்றாக மூடியது. ஆனால் அடி ஓரத்தில், இணைப்பு வரும் இடத்தில், ஏறக்குறைய ஒரு மி.மீ. உயரத்துக்குப் படி விழுந்துவிட்டது. கூம்பை விரித்துப் பார்த்தால் அடியும் மேலும் நேர்கோடாக இருக்காது, இரண்டும் வில்லாக வளைந்திருக்கும் என்பது பள்ளியில் படித்ததுதான். மேசையில் பிசினோடு உட்கார்ந்திருக்கும்போதுதான் நினைவுக்கு வந்தது.

கணக்கே போடாமல் தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. பிளாங்கின்மேல் மாஸ்கிங் டேப்பை, ஒன்றின்மேல் ஒன்று சிறிது ஏறும்படி, சுருக்கம் இல்லாமல் சுற்றுங்கள். மேலும் கீழும் எல்லைக் கோடு வரைந்துகொண்டு, நீளவாக்கில் பிளேடால் ஒரே கோடாகக் கீறி உரித்தெடுங்கள். கீறும்போது பிளாங்கில் வெட்டு விழக்கூடாது, கையை லேசாக வைக்க வேண்டும். டேப்புக்கு அடியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகிக்கொள்வது உத்தமம். உரித்த டேப்பை அப்படியே தகட்டின்மேல் ஒட்டி அந்த அளவுக்கு வெட்டினால் கூம்பின் விரிப்பு அச்சாகக் கிடைக்கும். டேப்பும் தகடும் ஏறக்குறைய ஒரே தடிமன் என்பதால் அளவும் பெரிதாக மாறுவதில்லை.

மூன்றாவது தகட்டை அப்படித்தான் வெட்டினேன். அளவு சரியாக இருந்தது. சுற்றும்போது "டிக்" என்று ஒரு சத்தம், நடுவில் நீளமாகக் கீறல். தகடு என்பது ஒரே சிப்பி அல்ல, சிப்பியை மெல்லிசாகச் சீவி, துண்டுகளைப் பக்கம் பக்கமாக வைத்து, பிசினால் ஒட்டிய தாள். 0.15 மி.மீ. தடிமனில் ஓரளவு வளையும், ஆனால் குளிர்ந்திருக்கும்போது வளைத்தால் சடாரென்று விரிசல் விட்டுவிடும். நான்காவதை ஹேர் டிரையரால் சூடுபண்ணி, பிளாங்கைவிடக் கொஞ்சம் ஒல்லியான ஒரு குச்சியில் சுற்றி, நூலால் கட்டி, ஒரு ராத்திரி விட்டேன். காலையில் அவிழ்த்தபோது சுருண்டபடியே இருந்தது. அதற்குப் பிறகு பிளாங்கில் ஏற்றுவது சட்டை போடுவது மாதிரி.

இணைப்பு எந்தப் பக்கம் வர வேண்டும் என்பதையும் ஒட்டும் முன்பே முடிவு பண்ணிவிடுங்கள். ரீல் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ராடில் வளையங்களும் கீழ்ப்பக்கம் இருக்கும், இணைப்பையும் அந்தக் கோட்டிலேயே வைத்தால் பிடித்திருப்பவர் கண்ணில் படாது. ரீல் மேலே உட்காரும் ராடு என்றால் வளையங்களுக்கு நேர் எதிர்ப்பக்கம்.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

*

கூம்புக் கணக்கில் நானும் அடி வாங்கியவன்தான், ஆனால் என் பெரிய சோகம் நிறத்தில். தாளாகக் கையில் இருந்தபோது மயில்கழுத்துப் பச்சையும் ஊதாவுமாக மின்னியது. ராடில் ஒட்டி முடித்ததும் பழைய சோப்பு டப்பா நிறம். ஏதோ மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம், தகட்டின்மேல் குற்றமே இல்லை. என் பிளாங்க் வெள்ளை நிற ஃபைபர் கிளாஸ்.

சிப்பியின் நிறம் சாயம் இல்லை. அரகோனைட் என்ற சுண்ணப் படிகம், ஒவ்வொன்றும் அரை மைக்ரான் அளவுக்குத்தான் தடிமன், செங்கல் அடுக்கினாற்போல் அடுக்கடுக்காக இருக்கிறது. வெளிச்சம் ஒவ்வொரு அடுக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, ஒன்றோடொன்று கூடிக் குறைந்து நமக்கு நிறமாகத் தெரிகிறது. இவ்வளவு மெல்லிசாகச் சீவிய பிறகு மீதி வெளிச்சம் தகட்டைத் தாண்டி அடிவரை போய்விடும். அடியில் வெள்ளை இருந்தால் அது திரும்பி வந்து எல்லா நிறத்தையும் வெளுக்க வைத்துவிடுகிறது. கறுப்பு இருந்தால் அங்கேயே அடங்கிவிடும், அடுக்குகளின் நிறம் மட்டும் நிற்கும்.

இப்போதெல்லாம் பிளாங்க் கறுப்பு கிராஃபைட்டாக இல்லாவிட்டால், அந்த இடத்தில் மட்டும் மெல்லிசாகக் கறுப்பு பெயின்ட் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஒட்டுகிறேன். ஒட்டும் பிசினிலேயே துளி கறுப்பு நிறமி கலப்பவர்களும் உண்டு. அதில் இன்னொரு லாபம், இணைப்பில் முடியளவு இடைவெளி விட்டாலும் கறுப்புக் கோடாகப் போய்விடும், சிப்பியில் இயற்கையாக ஓடும் கருங்கோடு மாதிரி. நான் செய்த பிழைகளில் பாதியை இந்தக் கறுப்புதான் மறைத்தது.

*

அழகைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள், நான் இருமலைப் பற்றிச் சொல்கிறேன். தகட்டின் ஓரத்தை உப்புத்தாளால் உலர்வாகத் தேய்த்தேன், இரண்டே நிமிடம் என்று நினைத்து முகமூடி போடவில்லை. அன்று இரவு முழுக்கத் தொண்டைக்குள் மணல் கிடந்தது. மாவு மாதிரி நைசான தூசி, நேரே நெஞ்சுக்குள் போகும். வாட்டர் பேப்பர், பக்கத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர், தூசியை வடிக்கும் நல்ல முகமூடி, இந்த மூன்றும் இல்லாமல் நான் சிப்பியைத் தொடுவதில்லை. தேய்த்த ஈரப் பொடியை உடனே துடைத்துவிடுங்கள், காய்ந்தால் மறுபடி தூசிதான்.

அப்புறம் சூப்பர் குளூ. அவசரத்துக்கு ஓரத்தில் ஒரு சொட்டு விட்டேன். தண்ணீர் மாதிரி ஓடித் தகட்டின் மேற்பரப்பு வரை வந்து, காயும்போது ஆவியால் வெள்ளைப் புகை படிந்த மாதிரி மங்கிவிட்டது. துடைக்க அசிட்டோன் எடுத்தால் தகட்டை ஒட்டியிருக்கும் பிசினையே கரைத்துவிடுமோ என்று பயம். வினிகர் எல்லாம் பக்கத்திலேயே வரக்கூடாது, சுண்ணத்தை அரித்துவிடும். கடைசியில் மேலே போட்ட எபாக்சி அந்த மங்கலை முக்கால்வாசி விழுங்கிக்கொண்டது. மீதி கால்வாசியை நான் மட்டும்தான் பார்க்கிறேன், ஆனால் தினமும் பார்க்கிறேன்.

எபாக்சியைத் தடியாக ஒரே பூச்சில் போட ஆசைப்படாதீர்கள். தகட்டுக்கும் பிளாங்குக்கும் நடுவில் காற்று இருந்தால், சூடு காட்டியதும் அது குமிழியாகக் கிளம்பி ஓரம் வழியாக வரும். முதல் பூச்சு மெல்லிசாக, ஓரங்களை அடைப்பதற்கு மட்டும். அது காய்ந்த பிறகு அடுத்தது. நடுவில் தேய்ப்பது எபாக்சியை மட்டும். தகட்டைத் தொட்டுவிட்டால் 0.15 மி.மீ. எத்தனை தேய்ப்புக்குத் தாங்கும் சொல்லுங்கள்.

*

நான் சோம்பேறி. முழுப் பட்டை ஒட்டுவதே இல்லை. இரண்டு மி.மீ. அகலத்துக்குக் குச்சி குச்சியாக வெட்டி, நீளவாக்கில் பிளாங்கைச் சுற்றி இடைவெளி விட்டு நிறுத்திவிடுவேன். அந்த அகலத்துக்கு வளைக்க வேண்டிய அவசியமே வராது, கூம்பும் தொல்லை பண்ணாது, மேலே போகப்போக இடைவெளி தானாகக் குறைந்துகொள்ளும். இரண்டு முனையிலும் நூல் கட்டு போட்டால் வெட்டிய ஓரம் மறைந்துவிடும். முழுப் பட்டையைவிட இதுதான் அழகு என்பது என் கட்சி. முழுசாகச் சுற்றினால் பிளாங்குக்கு மோதிரம் போட்ட மாதிரி இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. நண்பர் ஒருவருக்காக இதையே இரண்டாவது வளையத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக் கொடுத்தேன், அங்கேயும் மின்னினால் நன்றாக இருக்கும் என்று அவர் ஆசைப்பட்டார். பெரிய மீன் ஒன்று ராடை வளைத்த அன்றே எபாக்சியில் குறுக்காக வெடிப்பு விழுந்தது. பிளாங்க் வளையும், சிப்பி வளையாது. கைப்பிடிக்கு மேல் ஒரு சாண் தூரத்தைத் தாண்டி இனி யார் கேட்டாலும் ஒட்டமாட்டேன்.

*

ஆரம்பித்தவன் நான்தான், மறுபடி வருகிறேன். நண்பர் சொன்ன கறுப்பு அடிப்பூச்சை அடுத்த ராடில் செய்து பார்த்தேன், இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே தாளிலிருந்து வெட்டியது என்று நம்ப முடியவில்லை. அந்தக் குச்சி குச்சியான வேலையையும் பார்க்க வேண்டும், படம் இருந்தால் போடுங்கள். மோதிரம் என்று சொன்னதை மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

நேற்று ராத்திரி கடைசிப் பூச்சு போட்டு, ராடைச் சுழலும் மோட்டாரில் மாட்டிவிட்டுத் தூங்கப் போனேன். குமிழி இல்லை, இணைப்பு தெரியவில்லை, நிறம் அப்படி. காலையில் வந்து பார்த்தால், பச்சைக்கு நட்டநடுவே, எபாக்சிக்குள், இறக்கை விரித்தபடி ஒரு கொசு. அது உட்கார்ந்த ஆழத்தைப் பார்த்தால் 600 நம்பர் வாட்டர் பேப்பரில் போய்விடும் போல்தான் இருக்கிறது. தேய்க்கலாமா, அப்படியே விட்டுவிடலாமா என்று இன்னும் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.