புதுப்பிப்பு: காப்பீடு வேண்டாம் என்ற பிறகும் ஏன் கட்டணம்?

போன வாரம் கேட்டிருந்தேன்: மனைவியின் வேலையிடக் காப்பீட்டைக் காட்டி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் மாணவர் மருத்துவக் காப்பீட்டிலிருந்து விலகிய பிறகும் ரசீதில் ஏன் வளாக நலக் கட்டணம்?

முதுநிலை மாணவர் பேரவைக் கூட்டத்துக்கே போய்விட்டேன். விலகல் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு மட்டும்தானாம். நலக் கட்டணம் தனி, மனநல ஆலோசனை போன்றவற்றுக்கு மாணவர்களே எப்போதோ வாக்களித்துப் போட்டுக்கொண்டது. பல்கலைக்கழக விதிப்படி, இப்படி வாக்கெடுப்பில் வரும் கட்டாய வளாகக் கட்டணத்தில் குறைந்தது 25 சதவீதம் மாணவர்களுக்கே நிதியுதவியாகத் திரும்ப வேண்டும். சரி, அது நியாயம்.

ஆனால் வாக்களித்தவர்கள் பட்டம் வாங்கிப் போய்விட்டார்கள். ஆறு வருடம் கட்டப்போகிற ஆராய்ச்சி மாணவன் நான்! பல் வலிக்கு இந்தக் கட்டணம் உதவாது என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். நாளை ஆலோசனைக்குப் பதிவு செய்கிறேன்.